முன் பிரேக் கட்டை

புதுப்பட்டினம்
14.7.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

இங்கு நான் சௌக்கியம். உன் கால் எப்படி இருக்கிறது என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் பிறகு.

ஸ்ரீதேவி எழுதிய கார்டு வந்தது. தையல் பிரித்தாயிற்று, வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறாய் என்று எழுதியிருந்தாள். பெற்ற அப்பாவுக்கு மூன்றே வரி. பரவாயில்லை. அவளும் பள்ளிக்கூட வேலைக்குப் போக வேண்டும், உன்னையும் கவனிக்க வேண்டும். ஆனால் மூன்றாவது வரியில் 'அவரும் உங்களை வரச் சொல்கிறார்' என்று இருக்கிறதே, அதை அவர் அல்லவா எழுத வேண்டும்? நம் மாப்பிள்ளை கோபாலகிருஷ்ணனுக்கும் எழுதத் தெரியும்.

உன்னை எக்ஸ்ரே எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேர் காதுபட அவர் என்னைக் கேட்டார். "உங்க கைவேலையை நம்பி அத்தையைப் பின்னால ஏத்தலாமா மாமா?" அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளும் வரை அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன். உனக்குத் தெரிந்ததுதான். நீ மறந்துவிடுவாய் என்று மறுபடியும் எழுதுகிறேன்.

விழுந்தது மணலால். சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கத்து வளைவில் காற்றடித்து ரோட்டில் மணல் சேர்ந்து கிடந்தது. எதிரில் பஸ் வந்தது. யார் ஓட்டியிருந்தாலும் சறுக்கியிருக்கும். உன்னைக் கேட்டபோது நீயும் மணல் என்றுதானே சொன்னாய்?

விழுந்த அடியில் முன் பிரேக் கட்டை ஒன்று எங்கோ தெறித்துப் போய்விட்டது. முன் சக்கரம் எட்டு மாதிரி கோணிக்கொண்டது. இரண்டு மாதமாக அந்தச் சைக்கிள் கிணற்றடியில் துருப்பிடித்துக் கிடந்தது. போன வாரம் ஒரு முடிவுக்கு வந்தேன். இதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, முதலிலிருந்து முறையாகக் கற்றுக்கொண்டு, நானே பூட்டப் போகிறேன். ஸ்பானர், டயர் நெம்பும் பட்டை, எண்ணெய்க் குப்பி எல்லாம் வாங்கியாயிற்று. யாரிடமும் போய்க் கேட்க மாட்டேன். கடைத்தெரு சைக்கிள் கடை ஷேக் தாவூத்திடம் கண்டிப்பாகக் கேட்க மாட்டேன். மார்ச் மாதம் அவன் கடையில் நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்து, "சார் ஆபீஸ்ல ஸ்குரூவை எண்ணிக் குடுத்தவரு, மாட்டுனது வேற ஆளு" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்துதான் என் சைக்கிளுக்கு நானே வேலை பார்க்கிறேன்.

தீபாவளிக்கு நீ நம் வீட்டுக்கு வந்துவிடு. அதற்குள் வண்டி புதிது மாதிரி ஆகிவிடும்.

இப்படிக்கு,
மு. சதாசிவம்


செங்கல்பட்டு
22.7.1997

ஸ்ரீதேவி அப்பாவுக்கு,

வணக்கம். கட்டிலில் சாய்ந்தபடி மடியில் முறத்தைக் கவிழ்த்து வைத்து எழுதுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால் பரவாயில்லை. காலையில் இறுகிப்போய்க் கிடக்கிறது, வெயில் ஏற ஏற இளகுகிறது. வாக்கர் என்றால் நாலு கால் ஸ்டூல் மாதிரி ஒன்று. அதைத் தூக்கி வைத்து, பிறகு நாம் போய்ச் சேர வேண்டும். கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போக எனக்குப் பதினெட்டு அடி. எண்ணிக்கொண்டே போகிறேன். நீங்கள் மட்டும்தான் எண்ணுவீர்களா?

சமையலுக்கு என்ன செய்கிறீர்கள்? தினமும் ரசமும் அப்பளமும்தான் என்று தெரியும். பொய் எழுத வேண்டாம். முருங்கை மரத்துக் கிளைகளைக் காற்று காலம் வருவதற்குள் கழித்துவிடுங்கள்.

மாப்பிள்ளை அன்றைக்குப் பேசியது பயத்தில் பேசியது. என் புடவையெல்லாம் ரத்தம். அதைப் பார்த்துவிட்டு வந்த பேச்சு. அவர் இங்கே எனக்குச் செய்வதை நமக்கு ஒரு பையன் இருந்தால்கூடச் செய்வானா தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தீர்களாம், அவர் "ஹலோ" என்றதும் வைத்துவிட்டீர்களாம். வைத்தது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரிகிறது. வைப்பதற்கு முன்னால் ஒரு செருமல் செருமுகிறீர்களே.

பஸ் மணிக்கு ஒன்று வருகிறது. ஒரு மணி நேரம்தான். ஏறி உட்கார்ந்தால் இங்கே வந்து இறங்கிவிடலாம்.

கட்டிய பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் இனிஷியல் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமா? வேறு எந்தச் சதாசிவம் எனக்கு எழுதப் போகிறார்?

அமிர்தவல்லி


புதுப்பட்டினம்
9.8.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

உன் கடிதம் வந்தது. நேற்று கூட்டு வைத்தேன். வெறும் ரசம் என்று நீ எழுதியதால் எழுதுகிறேன்.

வேலை நன்றாக நடக்கிறது. பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டேன். டியூபில் காற்றடித்து, உன் அகலமான அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து முக்கினால், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த இடத்தை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பசை தடவி, அது காயும் வரை காத்திருக்க வேண்டும். நான் முதல் இரண்டு தடவையும் ஈரத்திலேயே ஒட்டிவிட்டேன், பிய்த்துக்கொண்டது. சட்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். இத்தனை வருடம் நான் அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறேன். அது கடற்கரை மணலையெல்லாம் வாரிப் பூசிக்கொண்டு களிம்பாகக் கிடந்தது. மெஷின் எண்ணெய் விட வேண்டும், கண்ணிக்கு ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைத்துவிட வேண்டும். இதெல்லாம் நானே யோசித்துத் தெரிந்துகொண்டது.

இடது பெடலில்தான் இரண்டு நாள் போயிற்று. ஸ்பானரைப் போட்டு எவ்வளவு திருகியும் வரவில்லை. கைமுட்டியெல்லாம் தோல் போயிற்று. இரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து அந்தப் பக்கம் வந்த தாவூத் வேலிக்கு வெளியே நின்றுகொண்டான்.

"இன்னா சார், பெடலோட மல்லுக்கட்டிகினு கீறீங்க?"

கழற்றுகிறேன் என்றேன்.

"கழட்டல சார், இறுக்கிகினு கீறீங்க. எடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம். ரெண்டு நாளா இறுக்கி இறுக்கி அத்தக் கல்லாட்டம் ஆக்கி வச்சிகீறீங்க."

முப்பத்தோரு வருடம் ஆபீஸ் ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு மரை எந்தப் பக்கம் என்று தெரியாதா என்று கேட்டேன்.

"எண்ணிக் குடுக்கிறது வேற, மாட்டுறது வேற சார்." அதே வார்த்தை. சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் தெருமுனை திரும்பும் வரை ஸ்பானரைத் தொடவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் திருகிப் பார்த்தேன். ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, காலால் மிதித்ததும், கிரீச் என்று கழன்று வந்தது. அவன் சொன்னதால் அல்ல. இன்னும் ஒரு நாள் இருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

பஸ் இருப்பது எனக்கும் தெரியும். நான் வராதது பஸ் இல்லாமல் அல்ல.

இப்படிக்கு,
மு. சதாசிவம்


செங்கல்பட்டு
23.8.1997

ஸ்ரீதேவி அப்பாவுக்கு,

நேற்று டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். உங்களுக்கு நான்தான் எழுதுவேன் என்று ஸ்ரீதேவியிடம் சொல்லிவிட்டேன்.

தொடையும் இடுப்பும் சேரும் இடத்து எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் இடது கால் ஒரு இன்ச் குட்டையாகிவிட்டது. இனி தரையில் உட்காரக் கூடாது, குந்தக் கூடாது, படியேறக் கூடாது. வாக்கர் போனாலும் கைத்தடி கடைசி வரைக்கும். நம் வீட்டுக் கக்கூஸ் கிணற்றுக்கு அந்தப் பக்கம், மூன்று படி கீழே. அங்கே நான் எப்படிப் போவேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

தீபாவளிக்கு வருவதாக இல்லை. அதற்கப்புறமும் தெரியவில்லை. 'முன் அறையை உங்களுக்கே விட்டுவிடுகிறோம், மாமாவும் இங்கேயே வந்துவிடட்டும்' என்று மாப்பிள்ளைதான் முதலில் சொன்னார். ஸ்ரீதேவி அழுதாள். நான் அழவில்லை. அழுதால் மூக்கு அடைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் கெடும்.

நீங்கள் ஒருதடவை வந்து என்னைப் பார்த்தால் போதும். மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தது. உங்கள் முழங்கைக் காயம் ஆறியதா என்றுகூடத் தெரியாது.

அமிர்தவல்லி


புதுப்பட்டினம்
11.9.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் கோபமாக எழுதியிருப்பேன். இப்போதும் கோபம்தான்.

நம் வீட்டில் நீ இருக்க முடியாது என்று முடிவு செய்ய அவர்கள் யார்? கிணற்றடியை அளந்து பார்த்தேன். படுக்கையறைக்குப் பின்னால் சுவரை உடைத்தால் நாலுக்கு ஐந்து அடியில் உட்காரும் கக்கூஸ் கட்டலாம். மேஸ்திரி வரதன் வந்து பார்த்தான். மழைக்கு முன்னால் முடியாது சார், தை மாதம் பார்க்கலாம் என்கிறான். நானே செங்கல் அடுக்கக் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

முன் அறையை விட்டுக் கொடுக்கிறார்களாம்! என் கைவேலையை நம்ப முடியாதவர் வீட்டில், அவர் போட்ட நாற்காலியில், அவர் வாங்கிய பேப்பரை அவர் படித்து முடித்த பிறகு வாங்கிப் படித்துக்கொண்டு நான் உட்கார வேண்டுமா? ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல். 'அன்று சொன்னது தவறு.' அவ்வளவுதான். மறுநாளே வருகிறேன்.

சைக்கிள் முடிந்துவிட்டது. முன் சக்கரத்தின் கோணலை எடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்க் கம்பியைத் தளர்த்த வேண்டும், கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. இப்போது சுற்றிவிட்டால் நூல் பிடித்த மாதிரி ஓடுகிறது. புது பிரேக் கட்டைகளும் வாங்கி மாட்டிவிட்டேன். இதைப் பார்த்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது.

முழங்கைக் காயம் ஆறிவிட்டது. தழும்பு மட்டும்.

இப்படிக்கு,
மு. சதாசிவம்


செங்கல்பட்டு
30.9.1997

ஸ்ரீதேவி அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள்.

பத்தே கால் இருக்கும். ஸ்ரீதேவியும் மாப்பிள்ளையும் காய்கறி வாங்கப் போயிருந்தார்கள். நான் கட்டிலில் படுத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் மாவு மில் ஓரமாக வேப்பமரத்தடியில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டை, முதுகெல்லாம் வியர்வை. யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைக்காமல் ஹேண்டில்பாரைத் துடைத்தீர்கள். அப்போது தெரிந்தது.

கூப்பிட்டேன். மில் ஓடிக்கொண்டிருந்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாக்கரை ஸ்ரீதேவி கூட்டிப் பெருக்கும்போது சுவரோரம் தள்ளி வைத்திருந்தாள். கட்டில் விளிம்பைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, ஜன்னல் கம்பிக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் வண்டியைத் திருப்பிவிட்டீர்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் உங்கள் பேரை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. நீங்கள் திரும்பவில்லை.

சைக்கிள் பளபளவென்று இருந்தது. நீங்கள் சொன்ன மாதிரியே. ஆனால் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டே போனீர்களே, ஏன்? தெருமுனை வரைக்கும் பார்த்தேன். தள்ளிக்கொண்டேதான் போனீர்கள். உடம்புக்கு ஏதாவது ஆயிற்றா? அவ்வளவு தூரம் மிதித்து வந்துவிட்டு, இருபது அடி ரோட்டைத் தாண்டாமல் போகிற அளவுக்கு என்ன ஆயிற்று?

இவர்களிடம் நான் சொல்லவில்லை. உடனே பதில் எழுதுங்கள். பயமாக இருக்கிறது.

அமிர்தவல்லி


புதுப்பட்டினம்
8.10.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பார்த்திருப்பாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

அன்று விடிந்ததும் கிளம்பினேன். உன்னைப் பார்க்க மட்டும் வரவில்லை. மாப்பிள்ளையை வாசலுக்கு அழைத்து, 'இந்தச் சைக்கிளைப் பாருங்கள், முப்பது கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறது, இதுவா கைவேலை தெரியாதவன் செய்த வேலை' என்று கேட்க வந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டிக்கூட ஒரு சத்தம் இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. வழி நெடுகப் பின் பிரேக்கை மட்டுமே தொட்டுத் தொட்டு வந்தேன்.

உங்கள் தெருவுக்குத் திரும்பும் இறக்கத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. முன் பிரேக்கையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். பிடி அப்படியே தொளதொளவென்று போயிற்று. காலைத் தரையில் தேய்த்து, மில் சுவரில் முட்டித்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தால் ரோட்டு நடுவில் கறுப்பாக ஒன்று கிடக்கிறது. புது பிரேக் கட்டை.

மணல் இல்லை, பஸ் இல்லை, நான் விழவும் இல்லை. அது தானாகக் கழன்று வந்திருக்கிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த மரத்தடியில் நின்றேன். கட்டை ஒரு தகரக் கூட்டுக்குள் இருக்கும். கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும், அதன் வழியாகத்தான் ரப்பரைச் செருகுவது. மறுமுனை மூடியிருக்கும். சக்கரம் முன்னால் சுற்றும்போது ரப்பரையும் முன்னால் இழுக்கும். அதனால் மூடிய முனைதான் முன்னால் இருக்க வேண்டும். நான் கூட்டைத் திருப்பி மாட்டியிருந்தேன். திறந்த முனை முன்னால். மெதுவாகப் பிடித்தால் ஒன்றும் ஆகாது. உயிர் போகிற அவசரத்தில் அழுத்தினால் சக்கரமே ரப்பரை உருவி வெளியே எறிந்துவிடும்.

மே மாதம் நாம் விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கட்டைகளை மாற்றியது நான்தான். இதே மாதிரிதான் மாட்டியிருப்பேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு முறைதான். இரண்டு மாதம் ஒவ்வொரு மரையாகக் கழற்றிப் படித்து, கடைசியில் அதே தப்பை அதே இடத்தில் அதே கையால் செய்திருக்கிறேன்.

மாப்பிள்ளை சொன்னது சரி. அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கதவைத் தட்ட என்னால் முடியவில்லை. ஏறி ஓட்டவும் மனம் வரவில்லை. தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர மாலை ஆறரை ஆயிற்று.

உன் காலை ஒடித்தது நான். நீ மணல் என்று சொன்னது உனக்குத் தெரியாமல் சொன்னது.

இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

மு. சதாசிவம்


செங்கல்பட்டு
17.10.1997

ஸ்ரீதேவி அப்பாவுக்கு,

நான் தெரியாமல் சொல்லவில்லை.

கேரியரில் ஒருபக்கமாகத்தானே உட்கார்ந்திருந்தேன்? நாம் விழுவதற்கு முன்னாலேயே அது சக்கரத்திலிருந்து துள்ளி ரோட்டில் உருண்டதைப் பார்த்தேன். என்னங்க, என்னவோ விழுந்ததுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மதகில் மோதிவிட்டோம். என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாளே மீன்காரி லோகநாயகி, அவள் அதை எடுத்து வந்து, "இன்னா யக்கா இது, உன் பையிலேர்ந்து வுழுந்துதா?" என்றாள். ஆமாம் என்றேன். பையில் போட்டுவிட்டாள். அது இன்னமும் என் மூக்குக்கண்ணாடிப் பெட்டியில்தான் இருக்கிறது.

யார் கேட்டாலும் மணல் என்றேன். மாப்பிள்ளை கேட்டார், மணல் என்றேன். போலீஸ்காரர் கேட்டார், மணல் என்றேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் நின்றுகொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நிஜத்தைச் சொன்னால் நீங்கள் அன்றைக்கே உடைந்துபோயிருப்பீர்கள். சரி, மணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும், இவர் வந்து பக்கத்தில் உட்காரட்டும் என்று நினைத்தேன். நீங்கள் அந்த மணலைப் பிடித்துக்கொண்டு வராமலே இருந்துவிட்டீர்கள்.

கட்டை கழன்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை. தெரியாமல் செய்தது. அஞ்சு மாசம் வராமல் இருந்தது தெரிந்து செய்தது.

இந்த வீட்டில் மாப்பிள்ளை தினமும் என் காலுக்கு எண்ணெய் போடச் சொல்லி ஸ்ரீதேவியை விரட்டுகிறார். நான் அவர் முகத்தைப் பார்த்து மணல் மணல் என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி என்னால் முடியாது. நீங்கள் எனக்கு எழுதியதை அவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன், படித்துக் காட்டவும் மாட்டேன்.

அமிர்தவல்லி


புதுப்பட்டினம்
3.11.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

தீபாவளி போயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பக்கத்து வீட்டு சாலமோன் முறுக்கு அனுப்பியிருந்தான்.

கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாவூத் கடைக்குப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கவில்லை. கூட்டைக் காட்டி, இப்படித்தான் மாட்டினேன், இதனால்தான் வீட்டுக்காரி விழுந்தாள் என்றேன். திட்டுவான், சிரிப்பான் என்றுதான் போனேன். அவன் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நானே சின்ன வயசுல எங்க வாப்பா சைக்கிள்ல இப்டித்தான் மாட்டிக்கீறேன் சார். அவுரு வாய்க்கால்ல போய் வுழுந்தாரு. குந்துங்க, டீ சொல்றேன்" என்றான்.

டீ குடித்தேன். அவன் திட்டியிருக்கலாம்.

அவன் கடையிலேயே உட்கார்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டைக் கழற்றி மூடிய முனை முன்னால் வர மாட்டினேன். தலையை ஆட்டினான்.

தாவூத்திடம் சொல்ல முடிந்தது. மாப்பிள்ளையிடம் முடியவில்லை. தாவூத்துக்கு நான் பெண் கொடுக்கவில்லை. ஆறு காகிதம் கிழித்துவிட்டு ஏழாவது எழுதி ஒட்டி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். மேலே அவர் பேர் இருக்கிறது. நீ கொடுத்துவிடு. கொடுக்கும்போது நான் அங்கே இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மு. சதாசிவம்


செங்கல்பட்டு
11.11.1997

ஸ்ரீதேவி அப்பாவுக்கு,

உங்கள் கவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரிக்கவில்லை. அவர் பேர் எழுதிய கடிதத்தை என் பேருக்கு அனுப்பினால் அதையும் நான்தானே சுமக்க வேண்டும்?

கூடவே அந்தப் பழைய கட்டையும் இருக்கிறது. அதுவும் உங்களுடையதுதான்.

கொண்டுவந்து அவர் கையில் கொடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், கொடுத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். அவர் திட்ட மாட்டார். திட்டினாலும் நான் பக்கத்தில் இருப்பேன்.

இனி நான் கடிதம் எழுதப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். வாக்கரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வேன்.

அமிர்தவல்லி


புதுப்பட்டினம்
17.11.1997

அன்புள்ள அமிர்தவல்லிக்கு,

நேற்று நீ எத்தனை மணி வரை உட்கார்ந்திருந்தாய் என்று தெரியவில்லை. நீ எழுத மாட்டாய், ஆகவே அது எனக்குத் தெரியப்போவதும் இல்லை.

நேற்று வந்தேன். சைக்கிளில் அல்ல, பஸ்ஸில். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கவரையும் கட்டையையும் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டார். செங்கல்பட்டு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திருக்கழுக்குன்றம் என்று வந்தது. அவர் டிக்கெட்டைக் கிழித்துவிட்டார். மாற்றிக் கேட்கவில்லை.

அங்கே இறங்கி நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். செங்கல்பட்டு பஸ் இரண்டு போயிற்று. இரண்டாவதில் ஏறக் காலை வைத்தேன். பின்னால் வந்தவர் "ஏறுங்க பெரியவரே, இல்லாட்டி வழியை விடுங்க" என்றார். வழியை விட்டேன்.

கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. நீ இத்தனை நாள் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய்.

கவர் மழையில் நனைந்து, அவர் பேர் கலங்கிவிட்டது. வேறு கவரில் போட்டு மறுபடியும் எழுதிவிட்டேன். 'மாப்பிள்ளை' என்று சேர்த்து எழுதியிருக்கிறேன். முதலில் வெறும் பேர்தான் எழுதியிருந்தேன்.

வரும் ஞாயிறு நடத்துநர் கேட்பதற்கு முன்னால் சரியான சில்லறையை அவர் கையில் வைத்து, நானே ஊர் பேரைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நிச்சயமாக என்று எழுத மாட்டேன். நிச்சயமாக என்று நான் எழுதியதெல்லாம் என்ன ஆயிற்று என்று நீ பார்த்திருக்கிறாய்.

நாற்காலியை எடுத்துவிடாதே. வாக்கரையும் தள்ளி வைக்க வேண்டாம் என்று ஸ்ரீதேவியிடம் சொல்லி வை.

சதாசிவம்